தேசிக்காய் கேட்ட சயன்ஸ் ரீச்சர்

நாவற்கேணிப் பள்ளிக்கூட வளவில் தங்கம் எடுக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு ஓமந்தையில், ராசுவின் தேநீர்க் கடையில் கிடைத்தது. யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"சயன்ஸ் ரீச்சர்," என்றான் ராசு, ரோல்ஸைத் தட்டில் வைத்தபடி. "ஏழாம் வகுப்புப் பிள்ளையளைக் கொண்டு தோண்டுவிக்கிறாவாம். விடியக்காலமை தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தி, தேசிக்காய் வெட்டி, முறையா எல்லாம் செய்துபோட்டுத்தான் அண்ணை நிலத்தில கை வைச்சது. ஒரு பானை வந்திட்டுதாம்."

"பானைக்குள்ள என்ன?"

"பின்ன, பழஞ்சோறே இருக்கும்?"

சரி, ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவோம் என்று பஸ் ஏறினேன். மாங்குளத்தில் பஸ் மாறும்போது பக்கத்தில் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு பானை அல்ல, இரண்டு பானை என்றார். தன் மச்சான் கண்ணால் கண்டவராம். ஒட்டுசுட்டானில் ஏறிய ஒரு அம்மா பானையைப் பீப்பாய் ஆக்கினார். முள்ளியவளையில் இறங்கும்போது கொண்டக்டர், "பள்ளிக்கூடத்துக்கோ? பீப்பாயெல்லாம் ஏத்தி அனுப்பியாச்சு, இனிப் போய் என்ன செய்யப் போறியள்?" என்று எனக்காக வருத்தப்பட்டார். வதந்தி கிளம்பிய இடத்திலிருந்து தூரம் போகப் போகப் பெருக்கும் என்றுதான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். இது மறுவளம். கிட்டப் போகப் போகப் பாரம் கூடியது. கிட்ட இருப்பவர்களுக்குத் தேவை அதிகம் என்பதாலோ என்னவோ.

வன்னியில் நிலத்துக்கு மேலே உள்ள எதிலும் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நெல்லை நம்பினால் மழை ஏமாற்றும். மழை பெய்தால் நெல்லின் விலை ஏமாற்றும். நிலத்துக்குக் கீழே இருப்பது அப்படியல்ல. கடைசி யுத்தத்தில் ஓடியவர்கள் புதைத்துவிட்டுப் போன தங்கம் எங்கோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே என்று மட்டும் எவருக்கும் தெரியாது. ஆகவே இடைக்கிடை ஏதாவது ஓரிடத்துக்கு நீதிமன்ற உத்தரவோடு பெக்கோ இயந்திரம் வரும். அதிகாரிகள் சுற்றி நிற்பார்கள். தோண்டுவார்கள். தண்ணீர் வரும். போய்விடுவார்கள். களவாகத் தோண்டுகிறவர்களும் உண்டு. தங்கத்துக்குப் பூதம் காவல் இருக்கும் என்று நம்புகிற அவர்கள் முதலில் பூசை செய்வார்கள். பிடிபட்டால் நிலம் கிண்டும் அலவாங்கு, மண்வெட்டியோடு பூசைக்கு வெட்டிய தேசிக்காயும் சான்றுப்பொருள்.

நாவற்கேணி, முள்ளியவளையிலிருந்து உள்ளே போகும் கிரவல் தெருவின் முடிவில் இருக்கிறது. பள்ளிக்கூடப் படலையில் ஒரு மனிதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். வளவின் மூலையில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவுக்குள் ஒரு கிடங்கு. ஆட்டுக்குட்டி விழுந்தால் தானாகவே ஏறி வந்துவிடும், அவ்வளவுதான் ஆழம்.

"இதுதானோ தங்கக் கிடங்கு?" என்றேன்.

"தங்கமோ?" என்று அவர் திரும்பினார். "என்ர அலவாங்கு போட்டுது. முதல் அதைக் கதையுங்கோ."

அவர் பெயர் பரமேஸ்வரன். ஊரில் வேலி அடைக்கிறவர். அந்த அலவாங்கு கடையில் வாங்கியதல்ல. மீள்குடியேறி வந்த புதிதில் தெருவோரம் எரிந்து கிடந்த லொறியொன்றின் அச்சை எடுத்து அடிப்பித்தது. எந்தக் கட்டாந்தரையிலும் இறங்குமாம். சயன்ஸ் ரீச்சர் ஒரு காலைக்கு மட்டும் இரவல் கேட்டிருக்கிறா, கொடுத்திருக்கிறார். மத்தியானம் திருப்பி வாங்க வந்தபோது பொலிஸ் அதைச் சான்றுப்பொருள் என்று இலக்கத் துண்டு கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது.

"ரீச்சர் உண்மையிலேயே தங்கம் எடுத்தவாவோ?"

"எடுத்தா எடுக்கட்டுமே. நானென்ன பங்கே கேட்டனான்? வேலிக்குக் கதியால் போட ஆக்கள் நாளுக்கு நாள் கூப்பிடுகினம். கையால கிண்டச் சொல்லுறியளோ?"

ரீச்சரை வகுப்பறையில் கண்டேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. சுதர்சினி மேசையில் இருந்து முட்டைக் கோதுகளைக் கடதாசியால் துடைத்துக்கொண்டிருந்தா. முப்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். நான் பத்திரிகைக்காரன் என்றதும் கையில் இருந்த கோதை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினா.

"இதையும் எழுதிப்போடாதேங்கோ அண்ணை. பிறகு முட்டையில மந்திரிக்கிறன் எண்டுவினம்."

"என்ன செய்யிறியள் முட்டைக் கோதில?"

"தேசிக்காய்ப் புளி விட்டா நுரைக்கும். அமிலம் எண்டா என்னெண்டு பிள்ளையளுக்குக் காட்ட வேறை சாமான் என்னட்ட இல்லை."

சாமான் இல்லை என்று சொன்னதை நான் அப்படியே நம்பவில்லை. ஏனென்றால் வகுப்பறைக்கு அடுத்த கட்டடத்தில் 'விஞ்ஞான ஆய்வுகூடம்' என்று பளிங்குக் கல்லில் பொறித்திருந்தது. நாடா வெட்டியவரின் பெயரும், பக்கத்தில் நின்றவர்களின் பெயரும், பணம் தந்த வெளிநாட்டின் பெயரும் அந்தக் கல்லில் உண்டு. யன்னலால் எட்டிப் பார்த்தேன். உடைந்த கதிரைகள் அடுக்கியிருந்தன. ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் நுணுக்குக்காட்டி ஒன்று, பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றாமல், மணப்பெண் போல இருந்தது. அலுமாரிப் பூட்டின் திறப்பு பள்ளிக்கூட அதிபரிடம். அதிபர் நடராசா நல்ல மனிதர். பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்பதால் பிள்ளைகளிடமிருந்தும், ரீச்சர் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவா என்பதால் ரீச்சரிடமிருந்தும் அதைக் காப்பாற்றி வருகிறார். கணக்காய்வுக்கு வருகிறவர்கள் மட்டும் அதைப் பார்க்கிறார்கள். அதற்குள்ளால் எவரும் எதையும் பார்த்ததில்லை.

ஆகவே சுதர்சினி தன்பாட்டில் ஒரு ஆய்வுகூடம் நடத்திவந்தா. பியூஸ் போன பல்பின் வாயை உடைத்துத் தண்ணீர் நிரப்பினால் எழுத்துப் பெரிதாகத் தெரியும், அது வில்லை. கோயில் ஒலிபெருக்கியின் கெட்டுப்போன பெட்டியிலிருந்து கழற்றிய காந்தம். இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கிய ஆட்டு இதயம்; அதை வெட்டிக் காட்டிய அன்று சைவப் பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்களாம். "எங்கட பிள்ளைக்கு இதயம் எண்டா என்னெண்டு படத்தில காட்டினாக் காணும்" என்பது அவர்கள் கட்சி.

வயல்காரர் நல்லதம்பியின் மகளான சுதர்சினி இப்படியொரு ரீச்சரானது ஒரு தற்செயல். எழுபத்தேழுக் கலவரத்தில், மலையகத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயம் எரிந்தபோது நல்லதம்பியின் தகப்பன் குடும்பத்தோடு வன்னிக்கு இறங்கினார். நாவற்கேணியில் அவர்களுக்குக் கிடைத்தது வாய்க்காலின் கடைசிக் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வயல்கள் குளத்துக்குக் கிட்ட. தண்ணீர் அங்கே குடித்து, குளித்து, களைத்துத்தான் கடைசிக்கு வரும். சில போகங்களில் வராமலே விடும். சுதர்சினி உயர்தரப் பரீட்சையை யுத்தம் முடிந்த கையோடு அகதி முகாமுக்குள் இருந்து எழுதினா. உயிரியல் சித்தி, பல்கலைக்கழகத்துக்குக் காணாது. பிறகொரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த விஞ்ஞான ஆசிரியர் தெருவைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போக, இரண்டு கிழமைக்கு வந்து நில் பிள்ளை என்று அப்போதிருந்த அதிபர் கூப்பிட்டார். அந்த இரண்டு கிழமை பதினொரு வருடமாகிவிட்டது. இன்னும் தொண்டர் ஆசிரியைதான். நிரந்தர நியமனம் வருகிறது, வருகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து படலையில் நின்றுவிட்டுப் போகும்.

ஆனால் ஒன்று வந்தது. ஊருக்குள் அதுவரை 'அவள்' ஆக இருந்தவள் 'அவா' ஆனா. குளத்துக்குக் கிட்ட வயல் உள்ளவர்களும் சைக்கிளை நிறுத்தி, "என்ன ரீச்சர்" என்றார்கள்.

"வாற மாதம் நேர்முகம் இருக்கு அண்ணை," என்றா சுதர்சினி. "தொண்டர் ஆசிரியர்களை உள்வாங்கிற நேர்முகம். என்ர பேரை நிப்பாட்டி வைச்சிருக்கினம். பொலிஸ் அலுவல் முடியட்டுமாம். வளவைத் தோண்டிப் பாக்க நீதிமன்றத்தில அனுமதி கேட்டிருக்கினம். தோண்டட்டும். ஒண்டுமில்லையெண்டு எல்லாரும் கண்ணால கண்டா நான் ரீச்சர். இல்லாட்டி நான் நல்லதம்பியின்ர மகள், கூலிக்கு நெல்லு அருவி வெட்டப் போறவள்."

"நீங்கள் ஏன் தோண்டினனீங்கள்?"

பாடப் புத்தகத்தை எடுத்து விரித்தா. மண் என்ற பாடம். நிலத்தைக் கேக் துண்டு போல வெட்டி, மேலே கறுப்பு, நடுவில் சிவப்பு, கீழே கற்கள் என்று நிறந்தீட்டிய ஒரு படம். "இதைப் பாடமாக்கி எழுதுவினம். எங்கட காலுக்குக் கீழயும் இப்பிடித்தான் இருக்கு எண்டு சொன்னா நம்பமாட்டினம். யதுர்ஷிகா எண்டு ஒருத்தி கேட்டாள், 'ரீச்சர், இது வெளிநாட்டு மண்ணோ?' எண்டு. அதுதான் தோண்டினனான்."

வன்னியில் கண்ட இடத்தில் தோண்ட முடியாது. கீழே தங்கம் இருக்கிறதோ இல்லையோ, வேறு சாமான் இருக்கலாம். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்துத் துப்புரவாக்கிய வளவுதான். அப்படியிருந்தும் ரீச்சர் அதற்குள்ளும் பயமில்லாத இடமாக, கழிப்பறைக் குழிக்கு ஏற்கெனவே ஒருமுறை கிண்டி மூடிய மூலைக்குப் பக்கத்தில் இடம் பார்த்தா. தாய் தகப்பன்மாரைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டா. எல்லோரும் ஓம் என்றார்கள், யதுர்ஷிகாவின் தாய் விமலேஸ்வரியைத் தவிர. விமலேஸ்வரியின் மூத்த பெடியன் மீள்குடியேறிய வருடம் குப்பைக்கு நெருப்பு வைத்தபோது அதற்குள் கிடந்த குண்டு வெடித்துச் செத்தவன். அதற்கு முதல் அவவின் தம்பி, யுத்தத்தின் கடைசி நாட்களில் மாத்தளன் பக்கம் காணாமற்போனவன். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. நிலம் என்றால் அவவுக்கு இவ்வளவுதான்.

"தோண்டத்தான் வேணுமெண்டா ஒரு தேங்காயெண்டாலும் உடைச்சுப்போட்டுத் தோண்டுங்கோ ரீச்சர்," என்று விமலேஸ்வரி அழுதிருக்கிறா. "கிணறு வெட்டினாலும் செய்யிறதுதானே. பிள்ளையளின்ர உயிர்."

சயன்ஸ் ரீச்சர் யோசித்தா. தேங்காய் உடைத்தால் பாடம் நடக்கும்; உடைக்காவிட்டால் பாடம் இல்லை. உடைக்கச் சொன்னா. விமலேஸ்வரியே கற்பூரமும் தேசிக்காயும் கொண்டுவந்தா. வெயில் ஏறினால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று விடியவே தொடங்கினார்கள். கிரவல் தெருவால் பால் கொண்டு போனவர்கள் கண்டது இதைத்தான்: விடியற்புறம், கற்பூரப் புகை, வெட்டிய தேசிக்காய், அலவாங்கு, கிடங்கைச் சுற்றி வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளைகள். கையில் காந்தத்தோடு ரீச்சர். மண்ணுக்குள் இரும்புத்தூள் இருப்பதைக் காட்டத்தான் காந்தம்; தெருவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தங்கம் கண்டுபிடிக்கிற மெசின்.

வதந்தியின் வேரைப் பிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. விமலேஸ்வரி அன்றைக்கே மாங்குளத்தில் இருக்கும் தமக்கைக்குப் போன் எடுத்து, "கற்பூரம் கொளுத்தித்தான் தோண்டினவை, ஒண்டும் நடக்கேல்லை, கடவுளே எண்டு பிள்ளை தப்பிச்சாள்," என்று ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறா. தமக்கை அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, 'ஒண்டும் நடக்கேல்லை' என்ற பகுதி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மிச்சம் பத்திரமாக ஓமந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"நான் பயத்தில சொன்னது," என்றா விமலேஸ்வரி என்னிடம். "ரீச்சருக்கு இப்பிடி வருமெண்டு எனக்குத் தெரியுமே?"

இதை எழுதிப்போட்டு முடித்துவிடலாம் என்று திரும்பினேன். தோண்டும் நாள் வந்தபோது சும்மா இருக்க முடியவில்லை, மறுபடியும் போனேன்.

ஊரே வந்திருந்தது. முள்ளியவளையிலிருந்தும் தண்ணீரூற்றிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள். ஐஸ்கிறீம் வான் பாட்டோடு வந்து மதிலோரம் நின்றது. கச்சான்காரி ஒருத்தி. கோயில் திருவிழாவாக இருக்கக் குறைந்தது காவடி மட்டுந்தான். பொலிஸார், கிராம அலுவலர், கையில் குடையோடு தொல்பொருள் அதிகாரி ஒருவர். அதிபர் நடராசா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்; தங்கம் வந்தால் படம் எடுப்பார்கள். பிள்ளைகளை வகுப்பறைக்குள் அடைத்திருந்தார்கள். யன்னல் கம்பிகளுக்கிடையே முகங்கள். சுதர்சினி நாடாவுக்கு வெளியே, தனியாக, கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றா. பக்கத்தில் எவரும் நிற்கவில்லை.

"எப்பிடியும் இண்டைக்கு முடிஞ்சிடும் அண்ணை," என்றா என்னைக் கண்டதும். சிரிக்கப் பார்த்தா.

பெக்கோ கையை இறக்கியது. ரீச்சர் அலவாங்கால் ஒரு காலை முழுக்கக் கிண்டியதை அது ஒரே வாயில் அள்ளித் துப்பியது. கறுத்த மேல்மண். பிறகு சிவப்பு. பிறகு சரளை. கிடங்கின் சுவர் வெட்டிய கேக் போலவே தெரிந்தது. புத்தகத்துப் படம் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு துப்புரவாக, அரசாங்கச் செலவில். யன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. யதுர்ஷிகா.

"ரீச்சர்! மூண்டு படைக்குக் கீழ நாலாவது ஒண்டு கிடக்கு! சாம்பல்!"

"வாயை மூடு!" என்றார் அதிபர்.

நான் சுதர்சினியைப் பார்த்தேன். அவா கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தா. நேர்முகம், பொலிஸ் எல்லாம் அந்த முகத்திலிருந்து போயிருந்தன. சாம்பல் நிறக் களி. பெக்கோ அடுத்த வாய் அள்ளிக் கொட்டியபோது களிக்குள்ளே வெள்ளையாகச் சில துண்டுகள் உதிர்ந்தன.

பெக்கோ நின்றது. ஐஸ்கிறீம் வானின் பாட்டை யாரோ போய் நிறுத்தினார்கள்.

இந்த அமைதியை வெளியூர்க்காரருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் தங்கத்துக்காக நின்ற சனம் அது. மதிலில் ஏறியிருந்தவர்கள் இறங்கினார்கள். தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். காணாமற்போன ஒருவரைத் தேடாத குடும்பம் அந்தக் கூட்டத்தில் கிடையாது.

"எலும்போ?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

விமலேஸ்வரி நிலத்தில் இருந்துவிட்டா. "தம்பி," என்றா. அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னா.

அப்போதுதான் சுதர்சினி நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா. "ரீச்சர், நில்லுங்கோ!" என்று ஒரு பொலிஸ்காரர் கத்தியது அவவுக்குக் கேட்கவில்லை. மண் குவியலில் குந்தியிருந்து ஒரு களிக்கட்டியை எடுத்து உடைத்தா. வெள்ளைத் துண்டொன்றை விரலில் வைத்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு நிமிர்ந்து, அந்தச் சனம் முழுவதற்கும் கேட்க,

"ஆரிட்டயாவது தேசிக்காய் இருக்கோ?" என்றா.

தங்கம் தேடும் கிடங்கின் விளிம்பில் குந்திக்கொண்டு வன்னியில் ஒரு மனிதர் கேட்கக் கூடாத பொருள் ஒன்று இருக்குமானால் அது தேசிக்காய்தான்.

வகுப்பறைக் கதவு திறந்தது. யதுர்ஷிகா மேசை லாச்சியில் கிடந்த பாதித் தேசிக்காயோடு ஓடிவந்தாள், அமிலப் பாடத்தில் மிஞ்சியது. ரீச்சர் வெள்ளைத் துண்டின் மேல் பிழிந்தா. கிட்ட நின்ற நாங்கள் சிலர் கண்டோம்: சின்னச் சின்னக் குமிழிகள், சோடாப் போத்தலில் வருவதுபோல.

"நுரைக்குது ரீச்சர்!" என்றாள் யதுர்ஷிகா.

"அக்கா," என்று சுதர்சினி விமலேஸ்வரியைக் கூப்பிட்டா. "எலும்பில்லை அக்கா. எலும்பெண்டா இப்பிடி நுரைக்காது. எனக்குத் தெரிஞ்ச அளவில இது சிப்பி. வரி கூடத் தெரியுது, பாருங்கோ. எப்பவோ இஞ்ச கடல் நிண்டிருக்கோணும்."

விமலேஸ்வரி எழும்பவில்லை. ஆனால் 'தம்பி' என்பது நின்றது. சிப்பிதான் என்ற ஆறுதலா, தம்பி இல்லையென்றால் இன்னும் தேடவேண்டுமே என்ற துக்கமா, அந்த முகத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை.

சுதர்சினி மிச்சக் களிக்கட்டியைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா. அடுத்த பாடத்துக்கு. அது ஒரு சயன்ஸ் ரீச்சரின் கை, தன்பாட்டில் செய்தது. பெண் பொலிஸ் ஒருவர் வந்து கைப்பையைத் திறக்கச் சொன்னார். களிக்கட்டி, தேசிக்காய்க் கோது, இரண்டும் பொலித்தீன் பையில் போடப்பட்டன. துண்டு கட்டப்பட்டது.

பெக்கோ மறுபடி இறங்கியது. தண்ணீர் வந்தது. போய்விட்டார்கள். கிடங்கை மூடுகிற வேலை உத்தரவில் இல்லையாம். அதற்கு வேறு திணைக்களத்துக்கு எழுதவேண்டுமாம்.

தங்கம் இல்லை என்பதை ஊர் முழுக்கக் கண்ணால் கண்டது. ஆகவே ஊருக்கு எல்லாம் விளங்கியது. இல்லையென்றால் எங்கே போனது? முதலே எடுத்தாயிற்று. எடுக்கும்போது ஒரு பூசை, எடுத்த பிறகு பூதத்தைக் கட்ட இன்னொரு பூசை. எல்லோர் முன்னிலும் தேசிக்காய் கேட்டு வாங்கிச் செய்தாளே. நுரைத்ததே, கண்டீர்களா? கைலேஞ்சியில் சுற்றி வைத்தாளே, அது என்ன? நல்லதம்பியின் சைக்கிளுக்குப் போன மாதம் புது ரயர் போட்டதை ஒருவர் நினைவுபடுத்தினார். திரும்பி வரும் வழியில் கொண்டக்டர் எனக்கு முழுக் கதையையும் சொன்னார். அதில் 'அவா' இல்லை. 'அவள்' தான்.

சிப்பி என்று நான் வாதாடினேன்.

"உங்களுக்கும் ஏதும் கிடைச்சதோ அண்ணை?" என்று கேட்டார், உண்மையான ஆவலோடு.

அதிபர் நடராசாவைப் பார்த்தபோது அவர் வருத்தத்தோடுதான் பேசினார். "நான் அவவை ஒண்டும் சொல்லேல்லை. கதை கொஞ்சம் அடங்கட்டும், அதுவரைக்கும் வீட்டில நில்லுங்கோ எண்டனான். எனக்கும் மேலிடம் இருக்குத்தானே." நேர்முகம் முடிந்துவிட்டது. மற்றவர்களுக்கு நியமனம் கிடைத்தது. கதை அடங்கவில்லை. விஞ்ஞான பாடவேளையில் இப்போது பிள்ளைகள் வளவில் புல்லுப் பிடுங்குகிறார்கள், கிடங்குப் பக்கம் போகாமல். கிடங்கில் மழைத்தண்ணீர் நிற்கிறது. நுணுக்குக்காட்டி நலமாக இருக்கிறது.

விமலேஸ்வரி மகளை முள்ளியவளைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டா. "ரீச்சரில எனக்கு ஒரு பிழையுமில்லை," என்றா. "அண்டைக்கு அவா இல்லாட்டி நான் அந்த இடத்திலேயே செத்திருப்பன். ஆனா சனம் கதைக்குது. பொம்பிளைப் பிள்ளை." யதுர்ஷிகா பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். தாய் உள்ளே போனதும், "அங்கிள், கடல் ஏன் திரும்பிப் போனது எண்டு ரீச்சரிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களோ?" என்றாள்.

கேட்டேன். சுதர்சினியை வாய்க்காலின் கடைசி வயலில்தான் காண முடிந்தது. கூலிக்கு அருவி வெட்டிக்கொண்டு, தலையில் துவாயோடு.

"எனக்குத் தெரியாது அண்ணை," என்றா. "அந்தக் கட்டி கையில இருந்தா யாழ்ப்பாணத்தில கம்பஸில ஆரிட்டயும் காட்டிக் கேட்டிருக்கலாம்." அரிவாளைத் தூக்கிப் பார்த்து, மறுபடி குனிந்தா. "பதினொரு வருசம் படிப்பிச்சதில ஒரேயொரு நாள்தான் எனக்கும் தெரியாத ஒண்டைக் கண்டனான். அதையும் துண்டு கட்டிக் கொண்டு போட்டினம்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.

நீதிமன்றக் களஞ்சியத்துக்கும் போய்ப் பார்த்தேன். வழக்கு முடியும்வரை சான்றுப்பொருட்களைத் தர முடியாது என்றார் அங்கிருந்தவர். வழக்கில் எதிரி யார் என்று கேட்டேன். எதிரி இன்னும் இல்லை என்றார். எதிரி இல்லாத வழக்கு எப்படி முடியும் என்று கேட்டேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், சுவரோடு, நிறைய அலவாங்குகள் சாய்த்து வைத்திருந்தன. லொறி அச்சில் அடித்தது எது என்று தூரத்தில் நின்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் வயலில் நின்ற அன்று வரம்பால் பரமேஸ்வரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்கரியரில் யாரோ கொடுத்த, வளைந்த ஒரு அலவாங்கு. எங்களைக் கண்டதும் நின்றார். ஊரில் அவரொருவர்தான் இன்னும் அந்தச் சொல்லை விடவில்லை.

"ரீச்சர்," என்றார். "தங்கத்தை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு வேண்டாம். என்ர அலவாங்கை மட்டும் தாங்கோ."

"கிடைச்ச உடன கொண்டுவந்து தாறன் அண்ணை," என்றா சுதர்சினி, நெற்கதிர்களுக்குள்ளிருந்து நிமிராமலே.

"இதைத்தான் போன கிழமையும் சொன்னனீங்கள்," என்றுவிட்டு அவர் சைக்கிளை உருட்டினார்.